‘க’வுக்கு முளைத்த வாலும் எங்கள் வீட்டு ஏலமும்

மேல்முறையீடு என்றால் கோர்ட்டில் ஆஜர் எடுப்பது என்று நான் நம்பினேன். பெயரைக் கூப்பிடுவார்கள். நாம் ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போன வீடு திரும்பி வந்துவிடும். எதிராளி அன்றைக்கு வராமல் போனால் இன்னும் விசேஷம்.

சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு நாற்பது தாண்டியாகிவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். பட்டப்படிப்பில் முக்கால்வாசியை முடித்தவன். இருந்தும் இதை முழு மனதோடு நம்பினேன்.

நம்பவைத்தவர் எதிர்வீட்டு அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்போம்; நேரில் கூப்பிடும்போது ‘முசியே’, அதாவது ஐயா. “அப்பீல் போடணும்னு வக்கீலம்மா சொல்றாங்க முசியே” என்று நான் அழாத குறையாகச் சொன்னதும், அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“அப்பெல்லா? அதுக்கா இந்த ஒதறு ஒதறுற? பட்டாளத்துல தெனம் காலைல அப்பெல்தாம்பா. பேரு சொல்லுவான். காலை ஒண்ணு சேத்து, நெஞ்ச நிமுத்தி, ‘ப்ரெசான்’னு, அதான் ‘இருக்கேன்’னு, கத்தணும். அவ்ளோதான். கத்தாதவனுக்குத்தான் தண்டன.”

பிரெஞ்சில் ‘அப்பெல்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஆஜர் எடுப்பதும் அதுதான், மேல்முறையீடும் அதுதான். அதன் இரண்டாவது வேலை அந்துவானுக்குத் தெரியாது. எனக்கு இரண்டுமே தெரியாது. போதாக்குறைக்கு வக்கீலம்மாவும், “அன்னிக்கு நீங்க கண்டிப்பா ஆஜராகணும் சார்” என்று சொல்லித் தொலைத்தார். அவர் அரை மணி நேரம் விளக்கிய சட்டத்தில் என் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான்.

விசாரணை நாள் வந்தது. மேல் கோர்ட்டு ஹாலில் மின்விசிறி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பழைய காகித வாசனை. டவாலி வாசலில் நின்று, “பரசுராமன்… பரசுராமன்… பரசுராமன்…” என்று மூன்று முறை இழுத்தார்.

நான் எழுந்தேன். காலை ஒன்று சேர்த்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

“ப்ரெசான்!”

ஜன்னலில் இருந்த புறா பறந்துவிட்டது. நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “யாரிவர்?”

வக்கீல் செல்வி தலையைக் குனிந்தபடி, “அப்பீல் போட்டவர்தான் ஐயா. கொஞ்சம் பதட்டத்துல இருக்கார்” என்றார்.

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்துவான் மட்டும் ‘சபாஷ்’ என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அளவெடுக்க வந்தவர்

இந்தக் கூத்து ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் கிணுகிணுக்கத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. ஊர் முழுக்க சி.டி.க்கு மாறிக்கொண்டிருந்தபோது, நான் வீட்டை அடமானம் வைத்து வீடியோ கேசட் கடை திறந்தேன். பளபளவென்று இருப்பதெல்லாம் நிலைக்காது, ஜனங்கள் கேசட்டுக்குத் திரும்பி வருவார்கள் என்பது என் கணிப்பு. ஜனங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

கேசட் நாடாக்கள் கடைசியில் கொல்லைப்புறப் பப்பாளி மரத்தில் காக்கை விரட்டப் பயன்பட்டன. காற்றடித்தால் விர்ர்ரென்று ஒரு சத்தம் வரும். மொத்த முதலீட்டில் கடைசிவரை உழைத்தது அந்தச் சத்தம்தான்.

கடன் கொடுத்த ஃபைனான்ஸ்காரர் வழக்குப் போட்டார். தீர்ப்பு வாங்கினார். இதெல்லாம் எனக்குத் தெரியும். கோர்ட்டுக் கவர் வந்தால் பிரிக்காமல் டி.வி.க்குப் பின்னால் சொருகிவைப்பது என் வழக்கம். பிரிக்காத கவரில் கெட்ட செய்தி இருக்க முடியாது என்பது என்னுடைய இன்னொரு கணிப்பு. வீட்டை ஏலம் விடுவதென்றால் முதலில் கோர்ட்டு அமீனா தெருவுக்கு வந்து தண்டோரா போட்டு, வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அது எனக்குத் தெரிந்த ஒரே சட்டம். மேளச் சத்தம் கேட்கட்டும், அப்புறம் ஓடிப்போய்ப் பணம் புரட்டலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

மேளச் சத்தம் வரவில்லை. ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒருவர் டேப்போடு வந்தார்.

என் மனைவி மங்கை வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். கருவடிக்குப்பம் மாரியம்மன் கோயில் தெருவில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அவள் கைவேலை. வந்தவர், “அளவெடுக்க வந்திருக்கேம்மா” என்றார்.

“லேடீஸ் மட்டுந்தாங்க தைக்கிறது. யாருக்கு அளவு?”

“வூட்டுக்கும்மா.”

வீடு ஏலத்தில் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டிருந்தது. ஏலம் கேட்டது ஒரே ஒரு ஆள். அவர் ஃபைனான்ஸ்காரரின் மச்சான். ஒரு மாட்டுக் கொட்டகைக்குக் கொடுக்கும் விலைக்கு எங்கள் வீட்டை எடுத்து, அளக்க ஆளும் அனுப்பியிருந்தார்.

பெயர்ப் பலகை

மங்கை அழவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு, “பொண்ணுங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கினு நாம எங்கங்க போறது?” என்று கேட்டாள். நான் தையல் மேஜை இழுப்பறையைத் துழாவினேன். கையில் ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தது.

வாசலுக்கு ஓடினேன். ‘ப. பரசுராமன், 14’ என்ற பெயர்ப் பலகையைக் கழற்றினேன். அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். பலகை இல்லையென்றால் வீட்டை அடையாளம் காட்ட முடியாது, அடையாளம் காட்ட முடியாத வீட்டை எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

மங்கை வாசலில் நின்று பார்த்தாள். “அப்ப தபால்காரருக்கு மட்டும் நாம எங்க இருக்கோம்னு தெரியாது. அப்படித்தான?” என்றாள்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம், நான் யாரிடமும் வாய் திறக்காதது. வீடு ஏலம் போனது தெருவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயம். சிரித்துச் சிரித்து நடமாடினேன். அக்கம்பக்கத்தில் ஒருவரைக்கூடச் சாட்சிக்குக் கூப்பிடாமல், ஏலத்தை ரத்து செய்யச் சொல்லி முதல் கோர்ட்டில் மனு போட்டேன். எங்கள் தெருவில் தண்டோராவே போடவில்லை என்பதுதான் மனு. சாட்சிக் கூண்டில் நான் மட்டும்.

எதிர்த்தரப்பு வக்கீல் மிகவும் பிரியமாகப் பேசினார்.

“தண்டோரா போட்டதா அமீனா சொல்ற அன்னிக்கு நீங்க வீட்ல இருந்தீங்களா?”

“இல்லைங்க. மச்சான் வூட்டுல காதுகுத்து.”

“குடும்பத்தோட போனீங்களா?”

“ஆமாங்க. மட்டன் நல்லா இருந்துச்சு.”

“அப்ப தண்டோரா போடலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போட்டிருந்தா யாராவது சொல்லியிருப்பாங்களே. யாருமே சொல்லல.”

“யாருமே சொல்லலைங்கறதுக்கு யாரு சாட்சி?”

நான் நன்றாக யோசித்து, நாணயமாகப் பதில் சொன்னேன். “அதுக்கும் யாருமில்லைங்க.”

மனு தள்ளுபடி. தண்டோரா போட்டதாகவும் அறிவிப்பு ஒட்டியதாகவும் அமீனாவின் அறிக்கை சொல்கிறது, அதை மறுக்க ஆதாரம் இல்லை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு.

நம்ம தெருவுல ஏது கடல்?

அன்றைக்குத்தான் வெட்கத்தை விட்டு அந்துவானிடம் சொன்னேன். ‘அப்பெல்’ பாடம் நடந்தது அப்போதுதான். பாடம் முடிந்ததும் அவர் முகம் மாறியது.

“ஏம்பா, வூடு ஏலத்துக்கு வருதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? என் பொண்ணு பாரீஸ்ல வேலைய வுட்டுட்டு வரப்போறா. இதே தெருவுல வூடு தேடிக்கினு இருக்கேன். தெரிஞ்சிருந்தா அந்த வெலைக்கு ரெண்டு பங்கு மேல நானே கேட்டிருப்பேனே!”

சிரித்துக்கொண்டே நடமாடினேன் என்றேனே, அந்தச் சிரிப்பை நினைத்து என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்பீல் போட, முதல் கோர்ட்டின் ஆவணங்களுக்கு நகல் கேட்டு வாங்கினோம். வக்கீல் செல்வி ஒரு கட்டை எங்களிடம் கொடுத்து, “வீட்ல வெச்சுப் படிங்க. ஏதாவது தோணிச்சுன்னா சொல்லுங்க” என்றார். நான் வழக்கம்போல் அதை டி.வி.க்குப் பின்னால் வைக்கப்போனேன். மங்கை பிடுங்கிக்கொண்டாள்.

அமீனாவின் அறிக்கை கையெழுத்தில் இருந்தது. தண்டோரா போட்டதற்குச் சாட்சியாக ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். மங்கை அதில் விரலை வைத்தாள்.

“ஏங்க, யாருங்க இது கலியமூர்த்தி?”

“நம்ம தெரு ஆளா இருக்கும்.”

“நான் இந்தத் தெருவுக்கே ஜாக்கெட்டு தைக்கிறேன். எனக்குத் தெரியாத வூடு எது? தொழில் என்னா போட்டிருக்குது பாருங்க. மீன்பிடித் தொழில். நம்ம தெருவுல ஏது கடல்?”

அப்புறம்தான் முகவரியைப் பார்த்தோம். எங்கள் ஊரைச் சுற்றி எத்தனை குப்பம்! எழுதுகிறவர்கள் முழுப்பெயர் எழுதச் சோம்பல்பட்டு, கருவடிக்குப்பத்தை ‘க. குப்பம்’ என்றும், குருசுக்குப்பத்தை ‘கு. குப்பம்’ என்றும் சுருக்குவார்கள். கோர்ட்டில் அமீனாவுக்கு முகவரி எழுதிக் கொடுத்தவருக்கு எழுத்தின் அடியில் பேனாவைச் சுழித்துவிடும் பழக்கம் இருந்திருக்கிறது. எங்கள் ‘க’வுக்குக் கீழே ஒரு வால் முளைத்துவிட்டது. அமீனா அதைப் பார்த்து எழுதியபோது, அந்த வால் நன்றாகக் கொழுத்துத் தெளிவான ‘கு’ ஆகிவிட்டது. முதல் கோர்ட்டில் படித்தவர்கள் எல்லாரும், இருக்க வேண்டியது ‘க’ என்று தெரிந்ததால் ‘க’ என்றே படித்தார்கள்.

குருசுக்குப்பத்திலும் ஒரு மாரியம்மன் கோயில் தெரு இருக்கிறது. அங்கும் பதினாலாம் நம்பர் இருக்கிறது.

இன்னொரு பதினாலு

மறுநாளே இருவரும் என் டி.வி.எஸ். ஐம்பதில் குருசுக்குப்பம் போனோம். பதினாலாம் நம்பர் ஒரு வலைக் கொட்டகை. வாசலில் உட்கார்ந்து நைலான் வலையைக் கோத்துக்கொண்டிருந்தவர்தான் கலியமூர்த்தி. ‘ஏலம்’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து இரண்டடி பின்னால் போனார்.

“யாரு நீங்க? கோர்ட்டு ஆளா? நான் ஒருத்தங்கிட்டயும் கடன் வாங்கல, சொல்லிட்டேன்!”

“நாங்க கடன் வாங்கினவங்கண்ணே” என்றாள் மங்கை. அவர் முகத்தில் உடனே ஒரு நிம்மதி. எங்களுக்கு மோர் வந்தது.

“அந்தாளு வந்தாரு. மோளத்த அடிச்சாரு. ரெண்டு நாயி கூடவே கொலைச்சுது. ‘சாட்சிக்குக் கையெழுத்துப் போடுப்பா’ன்னாரு, போட்டேன். கதவுல ஒரு பேப்பர ஒட்டிட்டுப் போய்ட்டாரு. அப்பாலதான் நம்பரப் பாக்கறேன். பதினாலு! என் கொட்டா! யாரோ பரசுராமனாம், அவன் வாங்கின கடனுக்கு என் கொட்டாவ ஏலம் வுடறாங்க. அந்தப் பரசுராமன் மட்டும் கையில கெடச்சான்னா…”

மங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மோரைக் குடித்துக்கொண்டே இருந்தேன். தம்ளரில் மோர் இல்லை என்பது வேறு விஷயம்.

கலியமூர்த்தி அன்றைக்கே வலைகளையெல்லாம் மூட்டை கட்டி அக்காள் வீட்டில் கொண்டுபோய் ஒளித்திருக்கிறார். கதவில் இருந்த நம்பரைச் சுரண்டி எடுத்திருக்கிறார். ஒரு மாதம் கடலுக்குப் போகாமல் கொட்டகையைக் காவல் காத்திருக்கிறார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடைத்ததுபோல் இருந்தது. எழுந்து நின்று, “அந்தப் பரசுராமன் நான்தாண்ணே” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடிப்பதா விடுவதா என்று கணக்குப் போடுவது தெரிந்தது. கடைசியில் சிரித்துவிட்டார்.

“உன்னப் பார்த்தா என்னவிடப் பயந்தவனா இருக்கியேய்யா!”

உள்ளே போய் ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்தார். கதவில் ஒட்டிய அந்த அறிவிப்பு. தண்ணீர் தெளித்துப் பதமாக உரித்து வைத்திருந்தார். “நாளைக்கு எவனாச்சும் கொட்டாவ எடுக்க வந்தா காட்டணுமில்ல?”

வக்கீல் செல்வி அந்தப் பையைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முதல் கோர்ட்டில் காட்டாத ஆதாரத்தை மேல் கோர்ட்டில் சும்மா வாங்க மாட்டார்களாம். தனியாக ஒரு மனு போட்டு, ஏன் முன்பே காட்டவில்லை என்று காரணம் சொல்லி, அனுமதி வாங்கினார். காரணம் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். “உங்களைப் பத்தி எழுதினேன் சார். நம்பிட்டாங்க” என்றார்.

மீன் வாசனை

நான் ‘ப்ரெசான்’ கத்திய அந்த நாளுக்கு வருகிறேன். புறா திரும்பி வந்து உட்கார்ந்தது. கலியமூர்த்தி கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. அறிவிப்பைப் பையிலிருந்து எடுத்ததும் ஹால் முழுக்கக் கருவாட்டு வாசனை. பெஞ்ச் கிளார்க் அதை இரண்டு விரலால் பிடித்து நீதிபதியிடம் நீட்டினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். “இது உங்க கொட்டகைக்கான ஏலம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு எப்பிடிங்க தெரியும்? மோளம் அடிச்சவருக்கே தெரியலியே!”

நீதிபதி வாயைக் கையால் மூடிக்கொண்டார். இருமல் என்று எல்லாரும் வைத்துக்கொண்டோம்.

தப்பான இடத்தில் தண்டோரா போட்டது மட்டும் போதாது, அதனால் எங்களுக்குப் பெரிய நஷ்டம் வந்தது என்றும் காட்ட வேண்டும் என்று செல்வி முன்பே சொல்லியிருந்தார். அதற்குத்தான் அந்துவான். கோட்டில் மூன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். ஏலம் தெரிந்திருந்தால் என்ன விலைக்குக் கேட்டிருப்பேன் என்று சொன்னார். ஏலம் போன தொகையைப்போல இரண்டு பங்குக்கும் மேல்.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். “எதிர்வீட்டுக்காரருக்காக வாய் வார்த்தையா என்ன தொகை வேணும்னாலும் சொல்லலாம். இப்ப கேட்டா அந்த விலைக்கு வாங்குவீங்களா?”

“இப்பவே வாங்குவேன் முசியே. செக்கு புக்கு பையில இருக்கு. உங்க பேனாவக் கொஞ்சம் குடுங்க.”

வக்கீல் பேனாவைக் கொடுக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

நான் அங்கே ஒரு பெருமூச்சு விட்டேன். மங்கை விடவில்லை. அவள் அந்துவானையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன யோசிக்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. என் மண்டைக்குள் ஒரே சிந்தனைதான் ஓடியது: நான் கத்தியது போதுமான சத்தமாக இருந்ததா?

அலவ்டு

தீர்ப்பு நாள் சில வாரம் கழித்து வந்தது. நீதிபதி ஆங்கிலத்தில் வேகமாக வாசித்தார். கடைசியில் “அப்பீல் அலவ்டு” என்ற இரண்டு சொற்கள் காதில் விழுந்தன.  செல்வியின் கவுனைப் பிடித்து இழுத்தேன்.

“யாரை மேடம் அலவ் பண்ணிட்டாங்க? அந்த ஃபைனான்ஸ்காரர் மச்சானை வூட்டுக்குள்ள அலவ் பண்ணிட்டாங்களா?”

“அப்பீலை ஏத்துக்கிட்டாங்க சார். ஏலம் ரத்து. நீங்க ஜெயிச்சுட்டீங்க. முதல்ல கவுனை விடுங்க, கிழியப்போவுது.”

வராந்தாவில் கலியமூர்த்தி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். நான் ஊருக்கே பிரியாணி வாங்கித் தருவதாக அறிவித்தேன். மங்கை மட்டும் செல்வியிடம் போய் நின்றாள்.

“மேடம், ஏலம் ரத்தாச்சு. கடன்?”

“கடன் அப்படியேதாம்மா இருக்கு. பணம் கட்டலைன்னா மறுபடி ஏலம் வரும். இந்தத் தடவை உங்க தெருவுலயே தண்டோரா போடுவாங்க.”

என் பிரியாணி அறிவிப்பு அங்கேயே நின்றது.

மங்கை திரும்பினாள். அந்துவானைப் பார்த்தாள். “முசியே, அன்னிக்குக் கோர்ட்டுல ஒரு வெல சொன்னீங்களே. அது சாட்சிக்குச் சொன்னதா, நெசமாவே சொன்னதா?”

அவர் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “நெசம்தாம்மா. ஆனா உங்கள வெளிய அனுப்பிட்டு நான் எப்படி…”

“நாங்களே போறோம் முசியே. போறதுன்னா எங்க கணக்குல போறோம்.”

நடந்தது இதுதான். நான் அப்பீலில் ஜெயித்தேன். வீடு போய்விட்டது. கூண்டில் நின்று சொன்ன விலையில் ஒரு காசு குறைக்காமல் அந்துவான் அதை வாங்கிக்கொண்டார். இப்போது அங்கே அவருடைய மகள் இருக்கிறார். அடுத்த ஏலத்துக்கு நாள் குறிக்கும் முன்பே, கடனைக் கோர்ட்டில் கட்டி முடித்தோம். மீதியில் தவளக்குப்பத்தில், கடலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு அறையும் முன்பக்கம் ஒரு தையல் கடைக்கு இடமும் உள்ள வீடு ஒன்றை வாங்கினோம். பத்திரம் மங்கை பெயரில் இருக்கிறது. நான் அங்கே குடியிருக்கிறேன்.